உஷார்! அந்தக் காலி கேன் காலியில்லை

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட் வைத்திருப்பவர்களே, ஹோம்ஸ்டே நடத்துபவர்களே, பழைய ஜீப்பை வாங்கிப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்ளும் புண்ணியவான்களே, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இது. பல்ப்பர் கொட்டகை மூலையிலோ சேலத்துப் பழைய இரும்புக்கடையிலோ ஒரு ராணுவ பெட்ரோல் கேன் கிடைத்ததா? அடியில் ஓட்டை இருக்கிறது, ஒரு தட்டு தட்டி வெல்டு வைத்து, பச்சை அடித்து, வெள்ளை எழுத்து போட்டால் ஜோராக இருக்கும் என்று பட்டறைக்குக் கிளம்பிவிட்டீர்களா? முதலில் அதைக் கீழே வையுங்கள். "இருபது வருஷமா காலியாக் கிடக்குது, உள்ளே என்ன இருக்கப்போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். டேங்க் வெல்டிங் விபத்துகள் பலவும் இந்தச் சமாதானத்தில்தான் தொடங்குகின்றன.

கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 20 லிட்டர் கேனுக்குள் அந்த அளவு ஆவி உண்டாக அரை டீஸ்பூன் பெட்ரோல்கூட வேண்டாம். அந்த அரை டீஸ்பூன் எங்கே இருக்கும்? துருச் செதிலுக்கு அடியில், தையல் மடிப்பில், அடியில் உறைந்துகிடக்கும் கறுப்புப் பிசினில். மோந்து பார்த்தால் வாசனை வராது. வெல்டிங் சூடு பட்டதும் பிசின் இளகி ஆவி கிளம்பும், அதே நொடியில் அதே சூடு அதைப் பற்றவைக்கும். நிரம்பிய கேனில் காற்றுக்கு அதிக இடமில்லை. காலிக் கேனில்தான் காற்றும் ஆவியும் வெடிக்கத் தோதான அளவில் கூடிநிற்கின்றன. ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துரு எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும், பொறி ஒன்று போதும்.

இப்போது ஏன் இந்தக் கூப்பாடு என்றால், கேனுக்கு மவுசு கூடிவிட்டது. ஜீப்பின் பின்னால் ஒரு கேன் தொங்கினால்தான் ஜீப் முழுமையாகிறது என்கிறார்கள். விடுதி வரவேற்பறையில் அதை நிமிர்த்திவைத்து முகப்பை அறுத்து, உள்ளே கண்ணாடிக் கோப்பை அடுக்கி 'மினி பார்' ஆக்குகிறார்கள். வாசலில் பூத்தொட்டி, சுவரில் விளக்கு. மே மாதக் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும் முன் வாசலை அலங்கரித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. அறுப்பது என்றால் கிரைண்டர். மறுபடியும் பொறி.

இந்தக் கேனுக்குக் கவர்ச்சி இருப்பதில் நியாயம் உண்டு, அதை மறுக்கமாட்டேன். 1937-ல் ஜெர்மனியில் ஷ்வெல்ம் ஊரில் மியுல்லர் நிறுவனத்தில் வின்சென்ஸ் க்ருன்ஃபோகல் என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது. மேலே மூன்று கைப்பிடி: காலிக் கேன் என்றால் ஒரு கைக்கு இரண்டு தூக்கலாம், நிரம்பியது என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போகலாம், கைமாற்றி வீசவும் வசதி. இரண்டு தகட்டை அச்சில் அழுத்தி நடுவே பற்றவைத்த உடம்பு, கருவி இல்லாமல் திறக்கும் நெம்பு மூடி, ஊற்றும்போது குபுக் குபுக்கென்று சிதறாமல் இருக்க ஒரு காற்றுக் குழாய். கைப்பிடிக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே விட்ட காற்றிடம். அதனால் நிரம்பிய கேனும் தண்ணீரில் மிதக்கும்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1939-ல் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு ஜெர்மன் நண்பரோடு பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் கிளம்பினார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ள ஏனம் இல்லை என்று, டெம்பெல்ஹோஃப் விமானநிலையக் கிடங்கிலிருந்து அந்த நண்பர் மூன்று கேன்களை எடுத்துவந்தார். பாதி வழியில் நண்பரை ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் விமானம் அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். ப்ளைஸ் விடாமல் ஓட்டிக் கல்கத்தா வந்து, காரை அங்கே நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். அமெரிக்க ராணுவத்தின் கைக்கு இந்த வடிவம் போய்ச் சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கர்கள் அதைப் பார்த்துச் செய்தபோது நெம்பு மூடியை விட்டுவிட்டுத் திருகு மூடி போட்டார்கள், உள்பூச்சையும் கைவிட்டார்கள். நல்லதைக் கண்டெடுத்துக் கெடுக்கும் கலை எல்லா ராணுவத்துக்கும் உண்டு போலிருக்கிறது.

பிரிட்டிஷார் கதை இன்னும் மோசம். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அவர்கள் வைத்திருந்தது நான்கு கேலன் தகர டின், அதாவது 18 லிட்டர் சொச்சம். நம் பாட்டிமார் மேலே வெட்டிக் குறுக்கே கட்டை அடித்துத் தண்ணீர் சுமந்தார்களே, அந்த மண்ணெண்ணெய் டின்னுக்கு அண்ணன் தம்பி. லாரியில் குலுங்கினால் ஒழுகும், அடுக்கினால் நசுங்கும். கிடங்கிலிருந்து களம் சேர்வதற்குள் சுமார் 30 சதவீத பெட்ரோல் மண்ணுக்குப் போனது என்பது தளபதி ஆக்கின்லெக்கின் மதிப்பீடு. பிடிபட்ட ஜெர்மன் கேனை பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆசையோடு எடுத்துக்கொண்டதும், ஜெர்மானியரைக் குறிக்கும் 'ஜெரி' என்ற பட்டப்பெயர் அதில் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். போர் முடிந்த நாளில் ஐரோப்பாவில் மட்டும் நேச நாடுகளின் கேன்கள் 2 கோடிக்கு மேல் இறைந்துகிடந்தன. ஆகவே 'உலகத்திலேயே அபூர்வம்' என்று உங்களிடம் விலை சொல்பவர் விஷயம் தெரியாதவர், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்தவர்.

எழுத்துக்கு வருகிறேன். அதுதான் என் பெரிய பயம்.

ராணுவம் கேனில் எழுதியது அழகுக்காக அல்ல. ஒரே உருவத்தில் பெட்ரோலும் போகிறது, குடிதண்ணீரும் போகிறது. இருட்டில், அவசரத்தில், படிக்கத் தெரியாதவனும் கைமாற்றி எடுத்துவிடக் கூடாது. அதற்காக ஜெர்மானியர் தண்ணீர்க் கேனில் பெரிதாக வெள்ளைச் சிலுவைக் குறி போட்டார்கள். அமெரிக்கர் தண்ணீர்க் கேனுக்கு மூடியையே வேறு மாதிரி அகலமாகச் செய்து, உள்ளே எனாமல் பூசினார்கள். எழுத்தும் குறியும் 'இதைக் குடிக்கலாம், இதைக் குடிக்கக் கூடாது' என்ற கட்டளை. இப்போது என்ன நடக்கிறது? பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று பெட்ரோல் கேனில் வெள்ளைச் சிலுவை போடுகிறார்கள். தண்ணீர் என்று ஆங்கிலத்தில் எழுதிய கேனில் பிரஷ்கட்டருக்கான பெட்ரோலை ஊற்றி வைக்கிறார்கள். அது ஜீப்பில் தொங்கும்வரை ஆபத்தில்லை. ஒருநாள் மிளகு பறிக்கும் இடத்தில் இறக்கி வைக்கப்படும், வெயிலில் வந்த ஆள் ஒருவர் எழுத்தைப் பார்த்து நம்பி வாயில் சாய்த்துக்கொள்வார். எழுத்தை நம்பியதற்கு அவரைக் குறைசொல்ல முடியுமா?

தலைகீழாகவும் நடக்கும். கேன் 'அசல் 1943' ஆக இருக்கலாம், அதற்குள் கடைசியாக இருந்தது பெட்ரோல்தான் என்று யார் சொன்னது? எஸ்டேட் கொட்டகையில் நல்ல மூடியுள்ள ஏனம் எதுவும் சும்மா இருந்ததில்லை. காப்பிச் செடியின் தண்டுத் துளைப்பானுக்கு ஒரு காலத்தில் பிஎச்சி, லிண்டேன் அடித்தார்கள், காய்த் துளைப்பானுக்கு எண்டோசல்ஃபான் அடித்தார்கள். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-ல் தடைசெய்தது. தடை வந்த அன்று கொட்டகையில் இருந்த மிச்சம் எந்த ஏனத்தில் இருந்தது, அந்த ஏனம் இன்று எங்கே என்று எழுதிவைத்த ரைட்டர் யாராவது உண்டா? அந்த மாதிரிக் கேனை அறுத்துத்தான் கோப்பை அடுக்கிக் கொடுக்கிறார்கள். பூர்வீகம் தெரியாத கேனைப் பூத்தொட்டியாக வையுங்கள், அதிலும் கறிவேப்பிலை வேண்டாம். குடிக்கும் பொருள், தின்னும் பொருள், தேன் உட்பட எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் பெட்ரோல் கேன் தண்ணீர்க் கேன் ஆகாது.

பழைய பெட்ரோலே போதிய விஷம்தான். என்ஜின் தட்டாமல் இருக்க அதில் ஈயக் கலவை சேர்த்தார்கள், இந்தியாவில் ஈய பெட்ரோல் ஒழிந்தது 2000-ம் ஆண்டு பிப்ரவரியில். அதற்கு முன் ஓடிய கேனின் அடிப்பிசினில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிப் பெயிண்டிலும் அப்படியே: பழைய ராணுவப் பெயிண்ட், அடியில் பூசிய சிவப்பு ஈயப் பிரைமர், இரண்டிலும் ஈயம் சர்வசாதாரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடே இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தையின் கைக்குப் போய், கையிலிருந்து வாய்க்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத அளவே குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வாட்டர் பேப்பர் வாங்கி நனைத்துத் தேயுங்கள். முகத்துக்குக் கைக்குட்டை போதாது, தூசு வடிகட்டும் நல்ல மாஸ்க் வேண்டும். தேய்த்த சட்டையைக் குழந்தைகள் துணியோடு ஊறப்போடாதீர்கள்.

சரி, எப்படித்தான் புதுப்பிப்பது? ஆசைப்பட்டுவிட்டீர்கள், விடச் சொன்னால் விடமாட்டீர்கள். வேலையைத் திறந்தவெளியில் வையுங்கள், அடுப்பு, பீடி, செல்போன் சார்ஜர் எதுவும் அருகில் வேண்டாம். துணி சோப்புத் தூள் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஒரு கைப்பிடி சரளைக்கல் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்ப. கொட்டுவது என்றால் காப்பிச் செடிக்கடியிலோ ஓடையிலோ அல்ல. வெள்ளக்கடையில் உங்கள் ஓடை என்பது கீழே இருப்பவர் வீட்டுக் குடிநீர். தனி டிரம்மில் பிடித்து மூடி, பழைய எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுங்கள். துருவுக்குக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறவைத்தால் போதும், அவசரமில்லாத வேலை. மெக்கானிக் சொல்வார் என்று கழிப்பறை ஆசிட்டை ஊற்றாதீர்கள். அது தகட்டையும் தின்னும், ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும், அதுவும் பற்றும். பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தில் துரு எடுக்கும் முறையிலும் ஹைட்ரஜன் வரும். அதில் எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டால் குரோமிய விஷமும் சேர்ந்து வரும்.

ஓட்டைக்கு வெல்டிங் வேண்டாம் என்பது என் முடிவு. தண்ணீர் நிரப்பி வெல்டு வைக்கும் உஸ்தாதுகள் இருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் எட்டாத அந்தக் காற்றிடம் இருக்கிறதே, ஆவிக்கு அதுதான் வீடு. அலங்காரத்துக்கு என்றால் எபாக்ஸி பசை போதும். பெட்ரோல் ஊற்றுவதற்கு என்றால் ஓட்டை விழுந்த எண்பது வயதுக் கேனை ஓய்வுபெற விடுங்கள், புதிது ஒன்று வாங்குங்கள். ஜீப்பின் பின்னால் அழகுக்குப் பழையது, உள்ளே வேலைக்குப் புதியது. அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஸ்டென்சில் போடும் ரசிகர்களுக்குக் கொஞ்சம். பெரும்பாலான போலிகள் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் 'ஸ்டென்சில்' என்று வரும் தடித்த, காலும் கையும் வைத்த எழுத்தை அப்படியே வெட்டிப் போடுகிறார்கள். அது 1937-ல் அச்சகத்துக்காக வந்த அலங்கார எழுத்து. ராணுவக் கிடங்கில் அட்டையில் துளைபோட்டு எழுதிய எழுத்து ஒல்லியானது, வேலைக்கானது, கொஞ்சம் கோணலானது. பிரஷ்ஷைப் பெயிண்டில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, செங்குத்தாக ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுத்தால் அட்டைக்கு அடியில் கசியும். பளபளப்புப் பெயிண்ட் ஆகாது, மங்கலானதுதான் வேண்டும். நிறத்திலும் காலம் பார்க்க வேண்டும்: ஜெர்மன் கேன் 1943-க்கு முன் கருஞ்சாம்பல், பிறகு மங்கல் மஞ்சள். பிரிட்டிஷ் கேன் 1944 வாக்கில் ஆலிவ் பக்கம் திரும்பியது. பெயிண்ட்டை யாரும் அடிக்கலாம், நம்பவேண்டியது தகட்டில் அழுத்திய ஆண்டையும் தயாரிப்பாளர் குறியையும். பிரிட்டிஷ் கேனில் இரண்டு எழுத்துக்கு நடுவே ஓர் அம்பு இருக்கும், அமெரிக்கக் கேனில் எவ்வளவு கனத் தகடு, எத்தனை கேலன், எந்த ஆண்டு என்று மூன்று எண்கள் சேர்ந்து இருக்கும். அழுத்தல் 1970 என்றும் ஸ்டென்சில் 1943 என்றும் சொன்னால் அழுத்தலை நம்புங்கள்.

நீங்கள் போட்ட எழுத்தைப் பழசு என்று சொல்லி விற்பது வேறு விவகாரம், அதற்குப் பெயர் மோசடி. புது நியாயச் சட்டத்தில் 318-ம் பிரிவு. கைப்பிடிக்கு அடியில் 'மறுபூச்சு' என்று ஆண்டோடு பொடி எழுத்தில் எழுதிவிடுங்கள், உங்கள் பேரன் காலத்தில் யாரும் ஏமாறமாட்டார்கள். அதேபோல் நம் ராணுவக் குறி உள்ள அண்மைக் காலக் கேனைச் சீப்பாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் பில் கேளுங்கள். படை கழித்துவிடும் பொருள் எம்எஸ்டிசி போன்ற அரசு நிறுவனத்தின் ஏலம் வழியாகக் காகிதத்தோடு வெளியே வரும். காகிதம் இல்லாத பொருள் திருட்டுப் பொருளாக இருந்தால் விற்றவரோடு வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று, கேனோடு பொருந்தட்டும் என்று ஜீப்பையும் ஆலிவ் பச்சை அடித்துவிடாதீர்கள். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ம் விதிப்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்.

இனி பெட்ரோல் ஊற்றியே தீருவேன் என்பவர்களுக்கு. 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் உரிமம் இல்லாத ஒருவரை விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் பெட்ரோல்வரை வைத்துக்கொள்ள விடுகிறது. உலோக ஏனம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, இறுக மூடியிருக்க வேண்டும். ஆக ஒரு கேன் சரி. இரண்டு நிரப்பினால் 40 லிட்டர், வண்டியின் சொந்த ஓட்டத்துக்கு என்றால் தவிர அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். எப்படிப் பார்த்தாலும் ஜீப்பின் இருபுறமும் ஜோடியாகத் தொங்கவிடும் ரசனைக்காரர்கள் ஒன்றையாவது காலியாக வைக்கட்டும். அதிலும் ஆவி நிற்காதபடி கழுவிக் காயவைத்து.

மலைக்கு என்று தனி ஆபத்துகள் உண்டு. சேலம் பங்க்கில் நிரப்பி இறுக மூடி இருபது கொண்டைஊசி வளைவு ஏறினால் வெளிக் காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும், உள்ளே ஆவி உந்தும், கேன் உப்பும். மேலே போய் மூடியைச் சட்டென்று நெம்பினால் முகத்தில் பீச்சும். முகத்தை விலக்கி, துணி போர்த்தி, மெதுவாக விடுங்கள். இறங்கும்போது குளிரில் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வெயிலுக்குள் போகாதீர்கள். 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 400 மில்லி விரியும், அதற்கு இடம் வேண்டும். பங்க்கில் கேனை வண்டிக்குள் ரப்பர் பாய்மேல் வைத்து நிரப்பாதீர்கள், தரையில் வைத்து, குழாய் மூக்கு கேனைத் தொட்டபடி இருக்க நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறி தரைக்கு இறங்கிவிடும்.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எண்பது வயதுக் கேனின் ரப்பர் வாஷரும் உள்வார்னிஷும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறும், உரியும், கசியும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் மூடி சரியில்லாத கேன் நாள்கணக்கில் நின்றால் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து, பிரஷ்கட்டரைக் கெடுக்கும். வாஷரை முதலில் மாற்றுங்கள், எத்தனால் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

கசிந்த ஆவி எங்கே போகும்? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு சரிவில் இறங்கும். சமவெளியில் கொட்டகை ஓரமாகத் தேங்கும். வெள்ளக்கடையில் கொட்டகை மேட்டிலும் அடுப்பு பள்ளத்திலும் இருந்தால் நேராக அடுப்புக்குப் போகும். கேன் இருக்கும் இடத்தை முடிவுசெய்யும்முன் சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிப்ரவரி முதல் மே வரை சருகு காய்ந்து காடே பற்றக் காத்திருக்கும் காலம், அப்போது இன்னும் கவனம்.

அசல் குறி என்ற பிடிவாதத்தில் ஒன்றை மட்டும் தளர்த்துங்கள். ஜெர்மன் எழுத்தோ ஆங்கில எழுத்தோ எது இருந்தாலும், கேனின் மறுபக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் தமிழில் 'பெட்ரோல். குடிக்காதே' என்று சிவப்பில் எழுதுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு ஒரு மண்டையோட்டுப் படமும் போடுங்கள். கண்காட்சியில் மதிப்பெண் குறையும் என்றால் குறையட்டும்.

அப்படியும் யாராவது, முக்கியமாகக் குழந்தை, பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், விரலை விட்டுக் குடையாதீர்கள். வயிற்றில் இருப்பதைவிட வாந்தியில் நுரையீரலுக்குள் போவதுதான் உயிரைக் குடிக்கும். பால், மோர், எண்ணெய் எதுவும் வேண்டாம். மேலே பட்ட துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள். இருமலோ மூச்சிரைப்போ இப்போது இல்லை என்று காத்திருக்காதீர்கள், சில மணிநேரம் கழித்தும் வரும். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு, அங்கே சொன்னால் உடனே சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. போகும்போது கேனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அதன் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும்.